ஆயாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு அமெரிக்க பேட்டர்னும், செய்தித்தாளில் வெட்டிய ரவிக்கையும்

காட்பாடிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவைப் பெத்த ஆயா போன வருஷம் தவறிட்டாங்க. ராணிப்பேட்டை வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டி கிடைத்தது. மேலே பழைய நைலெக்ஸ் புடவைகள், அதுக்குக் கீழே ஒரு சீட்டித்துணி மூட்டை. மூட்டையைப் பிரித்தால் உள்ளே இரண்டு பொருள்.

ஒன்று, கெட்டியான ஒரு பழுப்புக் கவர். முன்பக்கம் ஒரு சின்னப் பெண்ணின் கவுன் படம், மேலே பட்டரிக் என்று பெயர். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள்கள், மடிப்பிலேயே பழுத்துப்போய் இருக்கின்றன. தாளில் ஒரு எழுத்து கிடையாது, ஒரு கோடு கிடையாது. ஓட்டைகள் மட்டும்தான்: சில பெரிசு, சில சிறிசு. ஓரத்தில் அங்கங்கே முக்கோண வெட்டு.

இன்னொன்று, பழைய தமிழ் தினசரியில் வெட்டிய சில துண்டுகள். நூல் சுற்றிக் கட்டி வைத்திருந்தது. அது ஏதோ ரவிக்கைக்கான அளவு போலிருக்கிறது.

ஆயா கல்யாணத்துக்கு முன்னாடி அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பங்களா ஒன்றில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததாக அம்மா சொல்கிறார்கள். கவர் அங்கிருந்து வந்திருக்கலாம். இது எந்தக் காலத்தது? மெல்லிய தாளைப் பிரிக்கவே கை நடுங்குகிறது. எப்படிப் பிரிப்பது, எப்படிப் பாதுகாப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்தாண்டிய ஊசி

வணக்கம் தோழி. நான் சத்துவாச்சாரியில் பிறந்து இப்போது நியூஜெர்சியில் இருக்கிறேன். பத்து வருஷமாகப் பழைய பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட மேலே வைக்கும் காகித மாதிரிகள், சேர்க்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் வேலையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பிரிப்பது பற்றி. மின்விசிறியை நிறுத்துங்கள். பெரிய மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, மடிப்பை ஒவ்வொன்றாகத் திறங்கள். சுருக்கம் போக வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு ஒத்தி எடுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், நீராவி கூடவே கூடாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். தைப்பதானால் அதை வைத்துத் துணியை வெட்டாதீர்கள். பிரவுன் பேப்பரில் நகல் எடுத்து நகலைப் பயன்படுத்துங்கள்.

எழுத்தே இல்லாமல் ஓட்டை மட்டும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் விற்க ஆரம்பித்தவர் எபனேசர் பட்டரிக். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் தையற்காரராக இருந்தவர். வருஷம் 1863. அதற்கு முன்னாலும் பத்திரிகைகளில் பேட்டர்ன் வந்தது, ஆனால் ஒரே அளவுதான், வீட்டில் பெரிசாக்கிக்கொள்ள வேண்டும். 1870-ல் ஜேம்ஸ் மெக்கால் வந்தார். இவர்களுடைய தாள்கள் எல்லாம் அடுக்கி வைத்து ஒரே நேரத்தில் வெட்டப்பட்டவை, அதனால் அச்சு இருக்காது. எங்கே மடிக்க வேண்டும், நேர் இழை எந்தப் பக்கம், கை எங்கே பொருந்தும் என்பதை ஓட்டைகள்தான் சொல்லும். முக்கோண வெட்டு இரண்டு துண்டு சந்திக்கும் இடம். 1920-களின் தொடக்கத்தில் மெக்கால் கோடு அச்சிட்ட பேட்டர்னைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகள் அந்த வழிக்கு வர ரொம்ப வருஷம் ஆனது.

அதனால் ஓட்டைத் தாள் என்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. கவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு கழுகுப் படம் இருக்கிறதா? அதோடு என்.ஆர்.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும்.

காட்பாடிக்காரி

இருக்கிறது! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிறகு விரித்த கழுகு, ஒரு காலில் பல்சக்கரம், இன்னொரு காலில் மின்னல். மேலே அந்த மூன்று எழுத்து. நீங்கள் பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்?

கடல்தாண்டிய ஊசி

இருக்குமோ என்ற ஆசையில்தான் கேட்டேன். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது, 1933-ல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் தொழில்களுக்குக் கூலி, வேலைநேரம், விலை பற்றி ஒரு விதிமுறை கொண்டுவந்தது. அதில் சேர்ந்த கம்பெனிகள் அந்த நீலக் கழுகைப் பொருள்மேல் போட்டுக்கொண்டன. 1935 மே மாதம் அந்த ஊர் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லாது என்றுவிட்டது. கழுகும் போய்விட்டது. ஆக உங்கள் கவர் அச்சான காலம் 1933-க்கும் 1935-க்கும் இடையில். இவ்வளவு துல்லியமாகக் காலம் கிடைப்பது அபூர்வம்.

குழந்தை கவுன் என்பதால் அளவு வயதில் போட்டிருக்கும். பெரியவர்கள் உடையானால் ஒரு எச்சரிக்கை: பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. 1960-களின் நடுவில் 14 என்றால் மார்பு 34 அங்குலம், 1968 வாக்கில் திருத்திய பிறகு அதே 14 என்றால் 36. எண்ணை விடுங்கள், அங்குலத்தைப் பாருங்கள்.

டெய்லர் மகன், ஆற்காடு

படித்துக்கொண்டே வந்தேன். நல்ல தகவல்கள். ஆனால் மனசுக்குள் ஒரு வருத்தம், அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கப்பா ஆற்காடு பஜாரில் நாற்பத்திரண்டு வருஷம் தைத்தார். ஒருநாள்கூடக் காகிதத்தில் வெட்டிப் பார்த்தது கிடையாது. அளவு ஜாக்கெட்டை மேஜைமேல் இரண்டாக மடித்துப் போடுவார். சாணால் ஒரு தடவை, டேப்பால் ஒரு தடவை. கரைந்துபோன சலவை சோப்பின் மெல்லிய துண்டால் துணியிலேயே கோடு போடுவார். கழுத்து அகலத்துக்கு மார்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பார். 36 மார்புக்கு 3 அங்குலம். பிறகு அந்த அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கால் அங்குலம் கூட்டுவார், அல்லது குறைப்பார். அந்தக் கால் அங்குலம்தான் அவர் தொழில். அதை எந்தக் கவரிலும் போட்டு விற்க முடியாது.

அமெரிக்காக்காரர்கள் காகிதத்தில் வைத்திருந்தார்கள், தொண்ணூறு வருஷம் கழித்து உங்கள் கைக்கு வந்தது. எங்கப்பா கையில் வைத்திருந்தார், அவரோடு போய்விட்டது. அவர் தைத்த ஒரே ஒரு ரவிக்கை வீட்டில் இருக்கிறது. அம்மாவுடையது. அதையும் பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை.

ஓய்வு பெற்ற தையல் டீச்சர்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் நம்மிடம் காகிதமே இல்லை என்பது சரியில்லை. இருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் எழுதிய எந்தப் பெண்ணையும் கேளுங்கள். ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று வைத்தே ஆக வேண்டும். இடதுபக்கம் வரைபடம், வலதுபக்கம் பிரவுன் பேப்பரில் சின்ன அளவில் வெட்டி ஒட்டிய மாதிரி. ஜப்லா, நிக்கர், யோக் ஃப்ராக், அம்ப்ரெல்லா ஃப்ராக், பாவாடை, பாடி, சாதா ரவிக்கை, கிராஸ் கட் ரவிக்கை, அரைக்கைச் சட்டை. நான் முப்பது வருஷம் அந்த நோட்டுகளைத் திருத்தினேன். எந்தக் காலத்தில் கை நீளம் குறைந்தது, எந்தக் காலத்தில் பஃப் கை வந்தது, கழுத்து எப்போது இறங்கியது, எல்லாம் அந்த நோட்டுகளைப் புரட்டினாலே தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது இருபது வருஷத்து நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் அன்று விடுப்பில் இருந்தேன். மறுநாள் போய்க் கேட்டால் வண்டி போய்விட்டது என்றார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை.

காட்பாடிக்காரி, உன்னை ஒருமையில் கூப்பிடுகிறேன், தப்பா எடுத்துக்காதே. கவரைப் பத்திரமாக வை, சரி. ஆனால் அந்தச் செய்தித்தாள் துண்டுகளைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாயே. அமெரிக்க பேட்டர்ன் ஆயிரக்கணக்கில் அச்சானது, எங்கேயாவது இன்னொன்று இருக்கும். உங்க ஆயா வெட்டியது உலகத்திலேயே ஒன்றுதான். எத்தனை துண்டு? டார்ட், அதாவது உடம்போடு ஒட்ட உள்ளே பிடிக்கிற மடிப்பு, உண்டா? கம்கட்டுக்குக் கீழே வைக்கிற சதுரத் துண்டு உண்டா? முன்பக்கம் கொக்கிப் பட்டியா, முடிச்சா? டேப் வைத்து அளந்து எழுது.

காட்பாடிக்காரி

டீச்சர், நீங்கள் சொன்னபிறகுதான் அதை ஒழுங்காக விரித்தேன். வெட்கமாக இருக்கிறது. கவருக்கு வெள்ளைத் துணி விரித்த நான் இதைத் தரையில் போட்டுத்தான் முதலில் பார்த்தேன்.

மொத்தம் ஐந்து துண்டு. முதுகு ஒன்று: அகலம் 17 அங்குலம், நீளம் 14. முன்பக்கம் இரண்டு: ஒவ்வொன்றும் அகலம் 9, நீளம் 18, அடியில் உள்பக்கமாக ஒரு வால் மாதிரி நீண்டு குறுகுகிறது. கை ஒன்று: நீளம் 9, சுற்றளவு 14. அப்புறம் 3 அங்குலத்துக்கு 3 அங்குலம் ஒரு சதுரம். டார்ட் எங்கேயும் இல்லை. எல்லாமே கிட்டத்தட்ட நேர்க்கோடுதான், கழுத்தைத் தவிர.

கைத் துண்டின்மேல் காப்பிங் பென்சிலில் "கை ௯" என்று எழுதியிருக்கிறது. ஒன்பதைத் தமிழ் எண்ணில் போட்டிருக்கிறார்கள். அது ஆயா கையெழுத்து இல்லை என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார்கள். ஆயாவின் அம்மாவாக இருக்குமாம். ஓரங்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் பொடியாகிறது. சோப்பு வாசனை என்று எனக்குத் தோன்றுகிறது. டெய்லர் மகன் அண்ணா எழுதியது ஞாபகம் வந்தது.

முதுகுத் துண்டின் மேல் ஓரத்தில் தேதி தப்பித்திருக்கிறது: திங்கட்கிழமை, 12 மார்ச் 1951.

கடல்தாண்டிய ஊசி

1951-ஆ! ஆனால் தேதியில் கொஞ்சம் நிதானம் வேண்டும் தோழி. செய்தித்தாள் 1951 என்றால், வெட்டியது அதற்கு முன்னால் இருக்க முடியாது என்பதுதான் பொருள். ஒரு வாரம் கழித்தும் வெட்டியிருக்கலாம், பழைய பேப்பர் கட்டிலிருந்து அஞ்சு வருஷம் கழித்து எடுத்தும் வெட்டியிருக்கலாம். இன்னும் ஒன்று: வெட்டின தேதி வேறு, அந்த வெட்டு பிறந்த தேதி வேறு. எழுதியவர் ஆயாவின் அம்மா என்றால், அவர் இளம்பெண்ணாக இருந்தபோது கற்ற வெட்டாகத்தான் இருக்கும்.

டீச்சர் சொன்னது எனக்கும் உறைத்தது. நானும் கவரைத்தான் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற தையல் டீச்சர்

அது முடிச்சு ரவிக்கை. முன்பக்கத்து வால்கள் இரண்டையும் மார்புக்குக் கீழே இழுத்துக் கட்டுவது. பொத்தான் வேண்டாம், கொக்கி வேண்டாம், டிச் பட்டன் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கொடுக்கவும் சுலபம், உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் முடிச்சு பார்த்துக்கொள்ளும். என் பாட்டி சாகும்வரை அதைத்தான் போட்டார். கடையில் வாங்கியதே இல்லை, எல்லாம் கைத்தையல்.

இப்போது அந்தச் சதுரத் துண்டைப் பற்றி. கையும் உடம்பும் நேர்க்கோட்டில் தைத்தால், கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுக்க மேலே ஏறும், இல்லாவிட்டால் கம்கட்டில் கிழியும். சதுரத்தை மூலைவாக்கில் அங்கே பொருத்தினால், அந்த இடத்தில் துணி கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, விழுகிறது. கிராஸ் துணி இழுத்தால் கொடுக்கும். கிணற்றில் தண்ணி இறைக்கிறவள், நாற்று நடுகிறவள், உரலில் குத்துகிறவள் எல்லாருக்கும் அந்த 3 அங்குலம்தான் கையை விடுதலை செய்தது. இன்றைக்கு ஆம்ஹோலை வளைவாக வெட்டி, டார்ட் போட்டு, லைனிங் வைத்து, அழகாகத்தான் தைக்கிறோம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அலமாரி மேல்தட்டில் டப்பா எடுக்க முடிகிறதா பாருங்கள்.

துணிக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 36 அங்குலப் பன்னா, அதாவது துணியின் அகலம், என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகு 17, முன்பக்கம் 9, 9. கூட்டினால் 35. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பன்னா நிறைந்துவிடுகிறது, நீளம் 18 அங்குலம் போகிறது. முதுகு 14 தான், அதனால் அதன் கீழே 17-க்கு 4 என்று ஒரு பட்டை மிஞ்சும். அதில் சதுரம் இரண்டும் கழுத்துப் பட்டியும் எடுத்தாயிற்று. அடுத்து இன்னும் 9 அங்குலம் நீளம், அதில் கை இரண்டும் அருகருகே 28. மிச்சம் 8-க்கு 9 ஒரு துண்டு மட்டும். மொத்தம் 27 அங்குலம், அதாவது சரியாக முக்கால் கஜம். இதைப் போட்டவள் பள்ளிக்கூடம் போனாளோ இல்லையோ, கணக்கு தெரிந்தவள்.

குடியாத்தம் தறி

டீச்சர் கணக்கைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் மூன்று தலைமுறையாகத் தறி. இப்போது லுங்கி மட்டும்தான்.

நேர்க்கோடாக வெட்டுவது தெரியாமல் செய்ததல்ல. தறியில் பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம். இரண்டும் நேர்கோணம். அதன் போக்கில் வெட்டினால் பிசிறு குறைவு, மிச்சமும் குறைவு. வளைத்து வெட்டினால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு துண்டு குப்பைக்குப் போகும். நெய்தவன் வீட்டுப் பெண்கள் துணியை அப்படி வெட்ட மனசு வராமல் பார்ப்பார்கள். என் அத்தை கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் ஒரு நொடி நிற்பார்.

இன்னும் பின்னாடி போனால் வெட்டே கிடையாது. எட்டு முழ வேட்டி, ஆறு கஜம் புடவை, ஒன்பது கஜம் புடவை, துண்டு, மேலாக்கு எல்லாம் தறியிலிருந்து இறங்கும்போதே முழு உடை. உடம்பில் சுற்றுவதில்தான் அளவு. அதே புடவையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டினால் வயல்வேலைக்கு ஒரு உடை, முன்கொசுவம் வைத்தால் வேறு. நம்ம ஊர் பேட்டர்ன் காகிதத்தில் கிடைக்காததற்கு இதுவும் காரணம். அது கொசுவத்தில் இருந்தது.

1951 என்று சொன்னதால் இன்னொன்று. போர்க்காலத்தில் 1943-ல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கண்ட்ரோல் துணி, கண்ட்ரோல் புடவை என்று எங்கள் தாத்தா பேச்சில் அடிக்கடி வரும். நூல் கிடைக்காமல் தறி சும்மா நின்ற நாட்களை அவர் சாப்பாடு இல்லாத நாட்கள் என்றே சொல்வார். அந்தக் காலத்தைப் பார்த்த பெண்ணுக்கு முக்கால் கஜத்தில் ஒரு ரவிக்கை என்பது சும்மா வந்த கெட்டிக்காரத்தனம் இல்லை.

கோட்டைத் தெரு வாசகர்

குடியாத்தம் நண்பர் சொன்னதையொட்டி. 1866-ல் லண்டனில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளாக ஒட்டி, அதே மாதிரி 20 செட் தயாரித்தார். 13 செட் பிரிட்டனிலேயே வைக்கப்பட்டது, 7 இந்தியாவுக்கு வந்தது. நோக்கம் நல்லதல்ல. இங்கே மக்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்து, அதே மாதிரி மில்லில் நெய்து இங்கேயே விற்பதற்கு. நம் வடஆற்காட்டு ஆரணி மஸ்லினுக்கு அந்த நூற்றாண்டில் பெரிய பேர் இருந்தது. நம் அன்றாட உடைக்கு விரிவான ஆவணம் வேண்டுமென்றால் இன்றைக்கும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உறுத்தல்.

வேலூர்க்காரனாக இதையும் சேர்க்கிறேன். உடை சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் கோட்டைக்குள் ஒருமுறை நடந்துவிட்டு வரட்டும். 1805 நவம்பரில் மெட்ராஸ் படைத் தளபதி ஜான் கிராடாக் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை உத்தரவு போட்டார். வட்டத் தொப்பி போல இருக்கும், தோலால் செய்த குஞ்சம் உண்டு. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது. மறுத்த இருவருக்குத் தலா 900 கசையடி. 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டையில் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியதில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிராடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மூட்டியது ஒரு தலைப்பாகையும் அதிலிருந்த தோலும்.

வாணியம்பாடி நிலா

ஒரு சந்தேகம். 1951-ல் நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் ரவிக்கையே போட்டார்களா? மேலாடை போடக்கூடாது என்று வரி போட்டார்கள், போராட்டம் நடந்தது என்றெல்லாம் படித்திருக்கிறேனே.

கோட்டைத் தெரு வாசகர்

நீங்கள் படித்தது திருவிதாங்கூர் கதை. நாடார் பெண்களின் தோள்சீலைப் போராட்டம். பல பத்தாண்டு நடந்து 1859-ல் அரசு அறிவிப்பு வந்தது. அதை அப்படியே வடஆற்காட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தக் கூடாது. இங்கே வரலாறு வேறு.

ஓய்வு பெற்ற தையல் டீச்சர்

நிலா கேட்டது நியாயமான கேள்வி. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊரில் வயசான பாட்டிகள் பலர் ரவிக்கை போடமாட்டார்கள். புடவை முந்தானையே மேலாக்கு. கூச்சமெல்லாம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு அது பழக்கம். அவர்கள் மகள்கள் போட்டார்கள், பேத்திகள் ஜாக்கெட் என்று சொல்ல ஆரம்பித்தோம். நடுவில் கொஞ்ச காலம் ஜம்பர் என்ற பேரும் இருந்தது. யார் போடலாம், யார் போடக்கூடாது என்று மேல்தெரு முறைத்துப் பார்த்த ஊர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. முதன்முதலில் ரவிக்கை போட்டுக்கொண்டு தெருவில் நடந்த பெண்ணின் துணிச்சலை யாரும் எழுதி வைக்கவில்லை.

காட்பாடிக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் நடந்தது நிறைய.

டீச்சர் சொன்னபடி பிரவுன் பேப்பரில் நகல் எடுத்தேன். நகல் எடுக்கும்போதுதான் கவனித்தேன். முன்பக்கம் இரண்டு துண்டு என்று எழுதியிருந்தேன் இல்லையா? முதுகு ஒன்று, கை ஒன்று, சதுரம் ஒன்று. கையை ஒன்று வெட்டி வைத்து இரண்டு தடவை பயன்படுத்தினவர், முன்பக்கத்தை மட்டும் எதற்கு இரண்டாக வெட்டினார்? ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தவில்லை. இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் இறக்கம். முதலில் வெட்டியதில் தவறு என்றுதான் நினைத்தேன். முதுகுத் துண்டை எடுத்துப் பார்த்தால், அதிலும் இடதுபக்கம் அதே அரை அங்குலம்.

டெய்லர் மகன், ஆற்காடு

அது தவறே இல்லை. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குறைப்பார் என்று எழுதினேனே, அதுதான் இது. ஒரு தோள் இறங்கினவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டினால், இறங்கின பக்கம் கழுத்து விலகி விலகிப் போகும், இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். யாரோ ஒருத்தருடைய உடம்பைப் பார்த்து வெட்டிய பேட்டர்ன் இது. யாருடையது என்று அம்மாவிடம் கேளுங்கள்.

காட்பாடிக்காரி

கேட்டேன் அண்ணா. அம்மா துண்டுகளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள். ஆயாவுக்குத் தோள் நேராகத்தான் இருக்கும், அது எனக்கே தெரியும். அம்மா சொன்னது, ஆயாவுக்கு ஒரு அக்கா இருந்தாராம். பாலாற்று ஊற்றிலிருந்து இரண்டு வீட்டுக்குத் தண்ணி சுமந்தவர். குடத்தை எப்போதும் இடது இடுப்பில்தான் வைப்பாராம், நடக்கும்போது அந்தப் பக்கம் சாய்ந்தே நடப்பாராம். அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறார்கள். ஆயாவின் அம்மா தன் மூத்த மகளுக்காக வெட்டியதாக இருக்கலாம். அவருக்கு ஒரு புகைப்படம்கூட எங்கள் வீட்டில் கிடையாது.

ஓய்வு பெற்ற தையல் டீச்சர்

அந்த அரை அங்குலத்தைச் சரி செய்துவிடாதே அம்மா. நகலிலும் அப்படியே இருக்கட்டும்.

காட்பாடிக்காரி

சரி செய்யவில்லை டீச்சர். வெள்ளை மல் துணியில் அப்படியே தைத்தேன், மெஷினில் இல்லை, கையால்தான். சதுரத் துண்டை வைக்கும்போது முதல் தடவை மூலை சுருங்கிக்கொண்டது. இரண்டாவது தடவை கைத்தையலை மூலைக்கு அரை அங்குலம் முன்னாலேயே நிறுத்தி, சதுரத்தைத் திருப்பி வைத்தபோது உட்கார்ந்தது. ஒரு ரவிக்கைக்கு நான்கு மாலை ஆனது. கத்திரி வெயிலில் போட்டுப் பார்த்தேன். கம்கட்டில் காற்று போகிறது. கையை நேராகத் தூக்கினால் இடுப்பில் துணி அசையவே இல்லை. எனக்கு இடது தோளில் கொஞ்சம் மடிப்பு விழுகிறது, ஏனென்றால் அது என் தோள் இல்லை.

வாணியம்பாடி நிலா

எனக்கு ஒரு நகல் கிடைக்குமா அக்கா? ஆனால் என் மார்பளவு 36. பெரிசாக்க முடியுமா?

ஓய்வு பெற்ற தையல் டீச்சர்

முடியும். இப்போது இருப்பது தையலுக்கு விட்டது போக 32 வரும். உனக்கு 4 கூட்ட வேண்டும். பக்கத் தையல் ஓரத்தில் முதுகுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம், முன்பக்கத்துக்குத் தலா ஒரு அங்குலம். கை சுற்றளவை ஒரு அங்குலம் ஏற்று, சதுரத்தை மூன்றரை ஆக்கு. தோளில் கை வைக்காதே. ஒன்று மட்டும் கவனி: அப்போது அகலம் 39 ஆகிவிடும், 36 பன்னாவில் அடங்காது. 44 பன்னா எடு. உன் தோள் நேர் என்றால் வலதுபக்கத் துண்டையே இரண்டு தடவை வை.

கடல்தாண்டிய ஊசி

எனக்கும் ஒன்று வேண்டும். தபால் செலவு நான் தருகிறேன். என்னிடம் இருக்கிற கவர்களோடு அதையும் வைப்பேன், ஆனால் அதற்குத் தனிப் பெட்டி. நகலின்மேல் ஊர் பெயர், செய்தித்தாள் தேதி, எதிலிருந்து யார் எப்போது நகல் எடுத்தது, எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம். அசல் துண்டுகளை மடிக்காமல் பட்டர் பேப்பருக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். செய்தித்தாள் தானாகவே பழுத்து உடையும், அந்த மெல்லிய தாளைவிட இதற்கு ஆயுள் குறைவு. ராமபாணப் பூச்சி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெய்லர் மகன், ஆற்காடு

இந்த இழையைப் படித்த பிறகு நேற்று ராத்திரி அம்மாவின் ரவிக்கையை எடுத்தேன். பிரிக்கவில்லை. மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு தையலாகக் குண்டூசி வைத்து, கீழே காகிதம் போட்டுக் குத்தி எடுத்தேன். கிராஸ் கட், முன்கொக்கி, கை ஆறரை அங்குலம். அம்மாவுக்கு வலது தோள் கால் அங்குலம் இறக்கம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

காட்பாடிக்காரி

அண்ணா, அதையும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். டீச்சர், உங்களிடம் ஏதாவது ரெக்கார்டு நோட்டு மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், நான் நேரில் வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறேன். இதுவரை நகல் கேட்டவர்கள் தனிச்செய்தியில் கேட்டவர்களையும் சேர்த்துப் பதினொரு பேர். நாளைக்கு லாங்கு பஜாரில் பிரவுன் பேப்பர் சுருள் வாங்கப் போகிறேன். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் இன்று ராத்திரிக்குள் எழுதுங்கள், உங்கள் மார்பளவையும் எந்தத் தோள் இறக்கம் என்பதையும் சேர்த்து.